தாமதத்துக்கான விளக்கம்

கிளை மேலாளர் அவர்களுக்கு,

ஓட்டுநர் சென்னியப்பன் பேரில்
பதினேழு மெமோ வந்தது.
பதினேழுக்கும் விளக்கம் எழுதியவன் நான்.
அண்ணனுக்கு எழுத்து கைவராது.
ஸ்டியரிங் பிடித்த விரல்களுக்குள்
பேனா ஈர்க்குச்சி மாதிரி தொலைந்துபோகும்.

ரேடியேட்டர் கொதித்தது என்று எழுதினேன்.
ஃபேன் பெல்ட் அறுந்தது என்று எழுதினேன்.
கொறங்காட்டுச் செம்மறிகள் ஒரு பட்டியே
ரோட்டை மறித்து நின்றதாக எழுதியது
எனக்கே பிடித்திருந்தது.
"ஆடு எத்தனைன்னு போடுடா, அப்பத்தான் நம்புவாங்க"
என்றார்.
நாற்பத்திரண்டு என்று போட்டேன்.

அதெல்லாம் நடக்கவில்லை ஐயா.

வேலம்பாறைப் பிரிவில்
மதியம் ஒன்று முப்பத்தைந்துக்கு
வண்டியை நியூட்ரலில் உறுமவிட்டு
கிளுவை வேலிச் சந்தில் ஓடி வருவார்.
காக்கிச் சட்டை, வெறுங்கால்.
செருப்பு கிளட்ச் அடியில் கிடக்கும்.

கிணற்று வேலையில் வடக்கயிறு அறுந்து
அறுபதடிப் பாறையில் விழுந்தவன் நான்.
அப்போது இருபத்திரண்டு வயது.
அதற்கப்புறம் வலது கை மட்டும்
என் பேச்சைக் கேட்டது.
மீதி உடம்பை இரண்டு மணிக்கொருதரம்
யாராவது புரட்டிப்போட வேண்டும்,
இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும்.
துளசிமணி அண்ணி அரிசி ஆலைக்குப் போனால்
விளக்கு வைக்கத்தான் திரும்புவார்.
பதினொன்றுக்குப் பக்கத்துக் காட்டு ராசாத்தி வரும்,
நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு அதன் மகன்.
நடுவில் ஆளில்லை.

மூத்திரப் பையை அவிழ்த்துக் கொட்டிவிட்டு
இடுப்புக்கடியில் கை கொடுப்பார்:
"புடிச்சுக்க, லெப்ட்ல ஒடிக்கிறேன்."
முதுகில் தேங்காயெண்ணெய், மேலே டீசல் வாடை,
வாயில் ஒரு மடக்கு மோர்.
தோளில் இரண்டு தட்டு.
"ரைட்."
நாலு நிமிஷம்.
சோப்பு அகப்படாத நாளில் ஐந்து.

பஸ்ஸுக்குள் சிலர் முணுமுணுப்பார்களாம்.
ஒரு தயிர்க்காரம்மா,
"அவசரம்னா எறங்கி நடய்யா" என்று
கூடையை நகர்த்தி வழிவிடுவாராம்.
கண்டக்டர் சொல்லித் தெரியும்.

அவரைத் தெய்வமாக்கி எழுத எனக்கு வராது.
கோபத்தில் தட்டை வீசுவார்.
ஒரு தீபாவளி ராத்திரி குடித்துவிட்டு
கட்டில் காலடியில் உட்கார்ந்து
"அன்னிக்கே நீ போயிருக்கலாம்டா" என்றார்.
நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்,
அதனால் சண்டை வரவில்லை.
விடியக்காலை நாலு மணிக்கு
நான் முழிக்காத மாதிரி
புரட்டிப் போட்டார்.
நானும் முழிக்காத மாதிரி கிடந்தேன்.

போன ஆடியில், காற்று மண்ணை வாரி இறைத்த நாளில்,
காங்கேயம் ஸ்டாண்டில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தவர்
டீ வருமுன் போய்விட்டார்.

இரண்டு தரம் இன்கிரிமெண்ட் வெட்டினீர்கள்,
அதைப் பற்றி எழுதவில்லை.
டெப்போ மெக்கானிக் மயில்சாமிக்கும்
என் பெல்ட்டுக்காகத் திட்டு விழுந்திருக்கிறது.
கருமாதிக்கு வந்திருந்தார்.
"அந்தப் பெல்ட்டு மாத்தி ஒரு மாசங்கூட ஆகுல தம்பி.
அறுந்துச்சான்னு கேட்டாங்க,
ஆமான்னு கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றவர்
பந்தியில் இரண்டாந்தரம் ரசம் வாங்கிச் சாப்பிட்டார்.

ஆகவே கோப்பில் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.
வண்டியில் பழுதில்லை.
மயில்சாமி வேலையில் பழுதில்லை.
ஆடுகள் வரவேயில்லை.

அண்ணி இப்போது ஆலைக்குப் போவதில்லை.
புது ஓட்டுநர் நேரம் தவறுவதில்லை.
பிரிவைத் தாண்டும்போது
மூன்றாவது கியர், நாலாவது கியர்,
அப்புறம் வேலியில் வெறும் காற்று.
அந்நேரம் என் தோள்
தானாகக் கொஞ்சம் இறுகுகிறது.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.
இடப்பக்கம் படுத்து எழுதுகிறேன்.
இன்னும் பத்து நிமிஷத்தில்
வலப்பக்கம் திருப்பிவிடுவார்,
கை அடியில் போய்விடும்.

இப்படிக்கு,
அவர் தம்பி